என் வலது காலும் டிரஸ்ஸர் அருளப்பனும்

டிரஸ்ஸர் அருளப்பன் போய்விட்டார் என்ற செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வந்தது. பொந்தியானில் நான் வேலை பார்க்கும் அன்னாசிக் கொட்டகைக்கு அவருடைய மருமகன் அந்தோணி சைக்கிளில் வந்து இறங்கினான். "மாமா விடியக்காலையில போய்ட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றான். நான் "அப்படியா" என்றேன். கையில் இருந்த காப்பியைக் குடித்து முடித்தேன். அவன் இன்னும் நாலு வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். ஜொகூரின் காஹாங் பக்கத்து ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் அவரோடு பதினோரு வருஷம் இருந்தவர்களில், எழுதத் தெரிந்தவன் இங்கே நான் ஒருவன்தான் என்று என்னிடம் வந்தார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார்கள். வார்த்தை என்னிடம் நாலென்ன, நானூறே இருக்கிறது. நல்லதா என்பதுதான் சந்தேகம். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அவரை அறிந்தவர்கள் மட்டும் படியுங்கள். அறிந்தவர்களில் அவரிடம் ஒரு தடவையாவது அவமானப்படாதவர் இருந்தால் வந்து என்னைப் பார்க்கட்டும்.

தோட்டத்தில் இருந்திராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளுக்கும் நேரத்தில் ஆட்கள் எல்லோரும் ஓரிடத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வந்தவர்களுக்குப் பேர் போடுவார். அந்தக் கிராணி நான்தான். நோயாளிகளுக்குத் தனி வரிசை. அவர்களைப் பார்ப்பவர் டிரஸ்ஸர், தோட்டத்து ஆசுபத்திரிக்கு டாக்டர் மாதிரி அவர்தான். வேறு தோட்டங்களில் அவர்களை ஆசுபத்திரிக்கு அழைத்துப் போய்த்தான் பார்ப்பார்கள். அருளப்பனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அங்கேயே நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை இழுத்துப் பார்த்து, நோயின் பெயரை இருநூறு பேர் காதில் விழும்படி அறிவிப்பார். ஒருநாள் கறுப்பையா மண்டோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது பேரை மேய்க்கிற மனிதர். "இது வயித்துவலி இல்ல. நேத்து கள்ளுக்கடைய சாத்துறவரைக்கும் நின்னாரே, அந்த வலி. இவருக்கு மருந்து வேணாம், ஒரு சொம்பு மோரு குடுங்க" என்றார் அருளப்பன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மண்டோர் அதன்பிறகு உண்மையாகவே காய்ச்சல் வந்தபோதுகூட அந்த வரிசையில் நிற்கவில்லை.

"வாய் சொல்றது எனக்கு வேணாம், ஒடம்பு சொல்லட்டும்." இது அவர் அடிக்கடி சொல்வது. பெரிய ஞானவாக்கு போல இன்று சிலர் இதைத் திருப்பிச் சொல்கிறார்கள். சொன்ன இடத்தில் நின்று கேட்டவனுக்குத்தான் அது எப்படிச் சுடும் என்று தெரியும்.

அந்த வரிசையில் ஒருநாள் நானே நிற்க வேண்டி வந்தது. காலையில் சப்பாத்து மாட்டக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வலது கால் கட்டை விரலின் அடிமூட்டு வீங்கி, தோல் இழுத்துக்கொண்டு, பழுத்த மிளகாய் நிறத்தில் பளபளத்தது. முள் ஏறியிருக்கும் என்று தேடினோம். முள் இல்லை. சுளுக்கு என்று என் மனைவி முத்தம்மாள் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வலித்த காலுக்குத் தெம்பு வேண்டும் என்று ஆட்டுக்கால் சூப் வைத்தாள். "காலுக்குக் காலுதாங்க பலம்" என்றாள். அதோடு ஈரல் வறுவல். தூக்கம் வரட்டும் என்று ஒரு புட்டி ஸ்டௌட், அந்தக் கறுப்பு பீர். மூன்று நாள் இந்த வைத்தியம் நடந்தது. மூன்றாம் நாள் அந்த விரலின் மேல் ஈ உட்கார்ந்தால்கூட உயிர் போய்த் திரும்பியது.

வலியைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. மாதம் பிறந்ததும் துரை மலைக்காட்டுப் பக்கம் நடந்து பார்க்க வருவார். நாலு மைல். கிராணி கூடவே நடந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த கிராணிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "நொண்டிக் கிராணி எனக்கு எதற்கு" என்று துரை ஒரே வாக்கியத்தில் அவரை அனுப்பினார். வீடு தோட்டத்து வீடு. வேலை போனால் அதுவும் போகும். எனக்கு நாலு பிள்ளைகள். துரை வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, தடியை ஊன்றிப் பெரட்டுக்குப் போனேன். தனியாகப் பார்க்கும்படி அருளப்பனிடம் கண்ணால் கெஞ்சினேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து அந்த விரலின் மேல் போட்டார். நான் அலறினேன். அவர் திரும்பிக் கூட்டத்திடம் பேசினார்.

"ஒரு கைக்குட்டைக்கே இந்தக் கத்து. இது முள்ளும் இல்ல, சுளுக்கும் இல்ல. இதுக்குப் பேரு கவுட். ராஜாமாருக்கும் தொரைமாருக்கும் வர்றது. தினம் கறி, தினம் கோழி, மேல ஸ்டௌட்டு. நம்ம கிராணியாருக்கு வந்திருக்கு."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பின்வரிசையில் எவனோ, "அலமாக்! நம்ம கோழியெல்லாம் அங்கதான் போய் உக்காந்திருக்கா!" என்றான். அவ்வளவுதான். என் மானம் கப்பலேறிவிட்டது.

கோழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உங்களுக்குத் தெரியும். பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அன்று பேர் கிடையாது, அதாவது அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஆனால் கிராணி மனது வைத்தால் பேர் விழும். மனது வைத்த கிராணியின் வீட்டுப் பின்வாசலில் சாயங்காலம் ஒரு கோழி கட்டிக் கிடக்கும். ஆட்டை அறுத்தால் ஈரல் வரும். நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான், பக்கத்துத் தோட்டத்திலும் அப்படித்தான். யாரும் அதை ஒரு தப்பாக நினைக்கவில்லை. அப்படித்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆசுபத்திரியில் என்னைப் படுக்க வைத்துக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தார். பஞ்சு சுற்றினார். போர்வை விரலில் படாமல் இருக்கப் பிரம்பை வளைத்து மேலே ஒரு கூடு கட்டினார். கைகள் மெத்தென்றுதான் இருந்தன, அதை மறைக்க மாட்டேன். வாய்தான் அரம். "வீக்கமே நெருப்பா எரியுது, அதுக்கு மேல வறுத்த உப்பா? எந்தப் புத்திசாலி சொன்னது?" என்று கேட்டார். பிறகு விசாரணை தொடங்கியது.

"போன வாரம் என்ன சாப்பிட்டீங்க?"

"ரசம் சோறு. அப்பளம்."

"அப்ப இந்த வியாதி உங்களுது இல்ல. வேற யாரோடதையோ தூக்கிட்டு வந்துட்டீங்க. எறக்கி வெச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

"டிரஸ்ஸரய்யா, வெளையாடாதீங்க. உயிர் போகுது."

"நான் வெளையாடல கிராணியாரே. இதுக்கு மருந்து இருக்கு. கால்சிகம்னு ஒரு கிழங்குச் சாறு. சொட்டுக் கணக்கு. கொஞ்சம் கூடுனா அது வெஷம். உங்க ஒடம்புக்குள்ள என்ன போயிருக்குன்னு தெரியாம நான் ஊத்த மாட்டேன்."

சொன்னேன். சூப், ஈரல், கோழி, நெத்திலி, ஸ்டௌட், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதன்பிறகுதான் நோயை விளக்கினார். இப்படி விளக்கத் தெரிந்த மனிதர் அந்தப் பக்கத்தில் வேறொருவர் இல்லை என்பது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

"கறி, ஈரல், நெத்திலி இதெல்லாம் ஒடம்புல செரிச்சதும் ஒரு அமிலம் மிஞ்சும். அது மூத்திரத்துல போயிடணும். கள்ளும் ஸ்டௌட்டும் அதைப் போக விடாது. போகாதது ரத்தத்துலயே நிக்கும். காலு குளுந்து கெடக்கிற எடம், அதுலயும் கட்டை வெரலு கடைசி எடம். அங்க போய் உறையுது. ஸ்டோருல நீங்க பாலுக்கு ஆசிட் ஊத்தி உறைய வெக்கிறீங்கல்ல? அது ரப்பராகுது. இது ஊசியாகுது. உங்க மூட்டுக்குள்ள இப்ப ஆயிரம் ஊசி நிக்குது."

மூன்று வேளை சொட்டு மருந்து. சோடா உப்புக் கலந்த தண்ணீர், குடிக்கக் குடிக்க இன்னும் குடி என்பார். இரண்டாம் நாள் வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. உடனே மருந்தை நிறுத்தினார். மூன்றாம் நாள் காலையில் விரலை அசைத்தேன். வலி இல்லை. வீக்கம் வடிந்து தோல் உரிந்தது. அவரை அப்போது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. ஒரு நாள்தான்.

வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் முத்தம்மாள் அழுதாள். "வயித்தால போயி எலும்பும் தோலுமா ஆயிட்டீங்களே" என்று சொல்லி, பின்வாசலில் கட்டிக் கிடந்த கோழியை அறுத்துச் சூப் வைத்தாள். பேதியானவனுக்குக் கோழிச் சூப் கொடுக்காத வீடு எங்கள் தோட்டத்தில் உண்டா, சொல்லுங்கள். நோய்தான் போய்விட்டதே என்று நானும் குடித்தேன். கறியையும் சாப்பிட்டேன். இரண்டு நாளில் அதே விரல், அதே நிறம், அதே அலறல். துரை வருவதற்கு ஐந்து நாள் இருந்தது.

இந்தத் தடவை அருளப்பன் என்னைத் திட்டவில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டு நேராகப் பெரட்டுக்குப் போனார். நான் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தேன். சன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. கிராணியார் காலு நல்லாகணும்னா அவருக்குக் கோழி ஆகாது. ஈரல் ஆகாது. ஆட்டுக்கறி ஆகாது. இனிமே யாரும் அவரு வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அது வெஷம் குடுக்கிற மாதிரி. இது டிரஸ்ஸர் உத்தரவு."

என் பதவிக்குக் கிடைத்த மரியாதை அத்தனையும் ஒரு மருந்துச் சீட்டில் முடிந்தது. அதோடு விட்டார்களா? மறுநாள் முதல் பின்வாசலில் பரங்கிக்காய், பப்பாளி, சுரைக்காய் என்று வந்து குவிந்தது. கொண்டு வந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "காலு எப்படிங்க கிராணியாரே, பத்தியம் நல்லா இருங்க" என்று விசாரித்தார்கள். திரும்பிப் போகும்போது லயத்து வரிசை வீடுகளின் வாசலில் சிரிப்புக் கேட்கும். சுரைக்காயைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

நடக்க முடிந்த முதல் நாள் மருந்தறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். வைத்தியம் பார்க்க வந்தவன் தோட்டத்து வழக்கத்தில் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று கேட்டேன். என் காலைச் சாக்கு வைத்து என்னை நாறடித்தாய் என்றேன். ஆமாம், நீ வா போ என்றுதான் பேசினேன். அவர் புட்டிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். எதற்கும் சத்தம் போடுகிற மனிதர் அன்று குரலை உயர்த்தவில்லை.

"அஞ்சலைய தெரியுமா கிராணியாரே? எட்டாம் நம்பர் வீடு. அவ புள்ளை சொரத்துல கெடந்து எந்திரிச்சது. கண்ணை இழுத்துப் பார்த்தா வெளுத்த துணி. ஒரு சொட்டு ரத்தமில்ல. தினம் ஒரு முட்டை குடுன்னு நான்தான் சொன்னேன். அதுக்காக அவ ஒரு செவலைக் கோழி வாங்குனா. நீங்க படுக்கறதுக்கு முந்தி, புள்ளைக்கு முடியலன்னு ரெண்டு நாளு பெரட்டுக்குப் பிந்தி வந்தா. கடைசியில அந்தக் கோழி உங்க அடுப்புல. நீங்க ஆசுபத்திரியிலருந்து போயி சூப்பு குடிச்சீங்களே, அதுதான். நீங்க தின்னது கோழி இல்ல. என் மருந்து."

"நான் கேக்கல. அவளாத்தான் கொண்டு வந்தா" என்றேன்.

"கேக்க வேணாம். பேரைக் கூப்பிட்டுட்டு, பேனாவை வெக்காம நிமிந்து ஒரு பார்வை பாப்பீங்களே. அது போதும்."

நான் அப்படிப் பார்ப்பேன் என்பது அன்றுவரை எனக்கே தெரியாது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், பிறவிக் குணம். கதவை அறைந்துவிட்டு வந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, இந்தக் காகிதத்தில்கூட இருக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. என்னால் அல்ல. அருளப்பன் தன் வீட்டிலிருந்து தினம் ஒரு முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எட்டாம் நம்பர் வீட்டுக்குப் போய்வந்தார் என்று அஞ்சலையே பிறகு சொன்னாள். நான் கேட்காமல்தான் சொன்னாள்.

துரை வந்தார். என் நடையில் இருந்த சிறிய இழுப்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. அருளப்பனைக் கூப்பிட்டு, இவனால் நடக்க முடியுமா என்று கேட்டார். கோழி, ஈரல், பின்வாசல் எல்லாம் இப்போது வெளியே வரும், அத்தோடு நானும் வெளியே என்று நின்றேன். "நடப்பார்" என்றார் அருளப்பன். வேறொன்றும் சொல்லவில்லை. நாலு மைல் நடந்தேன். வேலை நிலைத்தது. அன்று அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

தோட்டத்து வேலையை விட்டபின் நான் பொந்தியானுக்கு வந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவரும் மகள் வீட்டோடு இருக்க இங்கேயே, இரண்டு மைல் தள்ளி ஒரு கம்பத்துக்கு, கிராமம்தான், வந்து சேர்ந்தார். ஜொகூரில் வேறு ஊரே இல்லை பாருங்கள். சந்தையில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்ல மாட்டார், என் கூடைக்குள் எட்டிப் பார்ப்பார். "நெத்திலி யாருக்கு? வீட்டுக்காரம்மாவுக்கா? சரி. நீங்க தொடாதீங்க" என்பார், மீன் விற்கும் சீனன் முன்னிலையில். அந்தச் சீனனும் என்னைப் பார்த்தால், "ஐயா, கக்கி பாகுஸ்?" என்று, கால் நல்லா இருக்கா என்பதை மலாயில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். நான் சந்தைக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஆனால் பத்தியத்தை மாற்றவில்லை. அந்த விரல் பிறகு ஒருநாளும் வலிக்கவில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மலர் போடுகிறவர்கள் இதை நீக்கிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அவர் சாவதற்குப் பத்து நாள் முன்பு அந்தோணி என் வீட்டுக்கு வந்தான். "மாமா படுத்த படுக்கையா இருக்காருங்க. உங்களைப் பாக்கணும்னு சொல்றாரு. சைக்கிள்லயே கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றான். கடைசியாக ஒருமுறை என்னை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் என்று நினைத்தேன். அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனமில்லை. "கால் வலிக்குதுப்பா. அதே விரலு. கீழ ஊன முடியல" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் திரும்பி வந்தான். நான் அப்போதுதான் சந்தையிலிருந்து நடந்து வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் என் காலைப் பார்த்தான். பிறகு, சொல்லச் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான்.

"மாமாகிட்ட சொன்னேங்க. ரொம்ப வெசனப்பட்டாரு. காலைத் தலைகாணி மேல வெச்சிருக்கணுமாம். தண்ணி நெறையக் குடிக்கணுமாம். ஒத்தடம் குடுக்கவே கூடாதாம். 'அவரை நடக்க விடாதீங்க, அவரு வர வேணாம். எனக்குக் கொஞ்சம் தேவலைன்னா நானே போயி பாத்துக்கறேன்'னு சொன்னாரு."

நான் இன்னொரு செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினேன். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் நான் போகவில்லை. பெருமை பிடித்தவன் என்று என்னைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். போயிருக்க வேண்டும்.

அவர் நினைவாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று மலர் போடுகிறவர்கள் கேட்கிறார்கள். படம் இல்லை, கடிதம் இல்லை. வலி இல்லாத இந்த வலது கால் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு மைல் அது தாராளமாக நடந்திருக்கும்.